காட்சிகளைக் கோக்கும் கணினி

திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களின் சிற்றூர்களில், திரௌபதி அம்மன் திருவிழாக் காலத்தில் இரவு முழுவதும் தெருக்கூத்து நிகழும். கட்டியங்காரன் வந்து அவையோரை நகைக்க வைப்பான். முகவீணையும் மத்தளமும் ஒலிக்க, திரைக்குப் பின்னின்று வேடங்கள் தம் வரவைப் பாடும். ஆட்டம் முடியும்போது பொழுது புலர்ந்துவிடும். அத்தகைய குழுவொன்றின் முதிய வாத்தியாருக்குப் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பேத்தி ஒருத்தி இருப்பதாகக் கொள்ளலாம். தாத்தாவின் உடலில் வலுவுள்ளபோதே அவர் ஆட்டத்தைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அவள் விருப்பம். பதிவு செய்யக் கைப்பேசி உண்டு. எட்டு மணி நேரப் பதிவிலிருந்து நாற்பது நிமிடக் காணொலியைத் தொகுத்தெடுக்கக் கணினி வேண்டும். காணொலித் தொகுப்புக்கு விலையுயர்ந்த கணினியே ஏற்றது என்று கடையில் கூறுவர். பயிர்த்தொழிலையும் கூத்தையும் நம்பி வாழும் வீட்டில் அத்தொகை கடனாகவே வர இயலும். அக்கடன் தேவைதானா என்று முடிவு செய்ய, தொகுப்பின்போது கணினிக்குள் நிகழ்வது இன்னதென்று அறிதல் வேண்டும்.

படச்சட்டங்களின் கணக்கு

காணொலி, அசையாத படங்களின் விரைவான வரிசையே ஆகும். ஒவ்வொரு படமும் ஒரு படச்சட்டம். கைப்பேசி பொதுவாக நொடிக்கு 30 படச்சட்டங்களைப் பதிவு செய்கிறது. முழு உயர்தெளிவு எனப்படும் அளவில் ஒரு படச்சட்டத்தின் அகலம் 1920 படப்புள்ளிகள், உயரம் 1080 படப்புள்ளிகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் எனக் கொண்டால், ஒரு படச்சட்டத்திற்கு 62,20,800 பைட்டுகள் தேவை. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 18.7 கோடி பைட்டுகள். ஒரு நிமிடத்திற்கு 11 ஜிகாபைட். ஆயினும் கைப்பேசியில் ஒரு நிமிடப் பதிவு ஏறத்தாழ 130 மெகாபைட் இடத்தையே கொள்கிறது. எண்பதில் ஒரு பங்கிற்கும் குறைவு!

இச்சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது? கூத்துக் களத்தில் பின்திரையும் விளக்குகளும் பின்பாட்டுக்காரர்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனர். ஆடுபவர் மட்டுமே இடம் பெயர்கிறார். எனவே கைப்பேசி, ஒரு படச்சட்டத்தை முழுமையாகப் பதிந்துகொண்டு, அடுத்துவரும் பல படச்சட்டங்களுக்கு மாற்றங்களை மட்டுமே குறித்துவைக்கிறது. காணொலியைத் தொடக்கத்திலிருந்து பார்த்துச் செல்பவருக்கு இதனால் இடையூறு ஏதுமில்லை. தொகுப்பவர் நிலை வேறு. அவர் முன்னும் பின்னும் தாவுகிறார். ஆடுபவர் சுழன்று நிற்கும் அந்த ஒரு கணத்தைத் தேடிப் பத்து முறை பின்னோக்கிச் செல்கிறார். ஒவ்வொரு முறையும் கணினி அதற்கு முந்தைய முழுப் படச்சட்டத்தைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, கேட்ட படத்தை உருவாக்கித் தர வேண்டும். இடைப்பாட்டு ஒன்றைக் கேட்டால், முதற்பாட்டிலிருந்து மனத்துக்குள் பாடிவந்தே அதைச் சொல்லும் கலைஞரைப் போன்றது கணினியின் நிலை. படம் ஓடும் கணினியில் தொகுப்பு மட்டும் திணறுவதன் காரணம் இதுவே.

1924-ஆம் ஆண்டில் இவான் செரூரியர் உருவாக்கிய மூவியோலா கருவியில் இத்துன்பம் இல்லை. படச்சுருளில் ஒவ்வொரு படமும் முழுமையாக இருந்தது. தொகுப்பாளர் வேண்டிய இடத்தில் நிறுத்தி வெட்டினார். இடத்தைச் சேமித்ததற்கு இன்றைய காணொலி தரும் விலை, கணக்கிடும் உழைப்பு.

உறுப்புகளை மதிப்பிடுதல்

அவ்வுழைப்பைச் சுமப்பது மையச் செயலகம். அதை வாங்குவோர் பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. இன்டெல் நிறுவனத்தின் ஐ5-7200யூ, ஐ5-8250யூ ஆகிய இரண்டும் கடைப்பேச்சில் 'ஐ5' தான். முன்னதில் இரண்டு உள்ளகங்கள், பின்னதில் நான்கு. ஆகவே, முழு எண்ணையும் கேட்டறிந்து, உள்ளகங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்த பின்னரே விலை பேச வேண்டும். சுருக்கிய காணொலியை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்றும் அண்மைக்காலச் செயலகங்கள் பலவற்றில் அமைந்துள்ளது. இன்டெல் 2011-ஆம் ஆண்டு முதல் இதனைத் தன் செயலகங்களில் சேர்த்து வருகிறது. இதனால் தொடக்கநிலையில் இருப்பவருக்குத் தனி வரைகலை அட்டை இன்றியமையாததன்று. 4கே அளவில் தொகுப்போருக்கும், நிறத்திருத்தமும் சிறப்புக் காட்சிகளும் மிகுதியாகச் செய்வோருக்கும் அது பெரிதும் பயன்படும். கூத்தைத் தொகுக்கும் மாணவிக்கு அதற்கான செலவு இப்போது வேண்டியதில்லை.

ராம் எனப்படும் முதன்மை நினைவகத்தில் சிக்கனம் பார்த்தல் தவறு. கட்டணமின்றிக் கிடைக்கும் ஷாட்கட் மென்பொருளை உருவாக்கியோர், உயர்தெளிவுக் காணொலிக்கு 8 ஜிகாபைட்டும் 4கே காணொலிக்கு 16 ஜிகாபைட்டும் தேவை எனக் குறிப்பிடுகின்றனர். 8 ஜிகாபைட்டுடன் தொடங்குவோர், பின்னர் அதை உயர்த்த இடமுண்டா என்று கேட்டு வாங்குதல் நன்று. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் மாற்ற இயலாது. அவ்வகைக் கணினிகள் நெடுநேரம் உழைக்கையில் சூடேறி, தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வதும் உண்டு. அதே விலைக்கு மேசைக்கணினி கூடுதல் திறன் தரும்; உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றவும் இடமளிக்கும். மின்தடை மிகுந்த ஊரில் அதனுடன் தடையில்லா மின்வழங்கியின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடங்கள். நிமிடத்திற்கு 130 மெகாபைட் வீதம் ஏறத்தாழ 62 ஜிகாபைட். இரண்டு கைப்பேசிகளால் இரு கோணங்களில் பதிவு செய்தால் 125 ஜிகாபைட். 256 ஜிகாபைட் கொண்ட கணினியில் இயக்க அமைப்புக்கும் மென்பொருள்களுக்கும் இடம் ஒதுக்கியபின் ஓர் இரவுக் கூத்தே நெருக்கடியாகிவிடும். இயக்க அமைப்பும் மென்பொருளும் திண்மநிலை வட்டில் இருந்தால் கணினி விரைந்து இயங்கும்; பதிவுகளை வைத்திருக்க விலை குறைந்த புறவன்தட்டு போதும்.

பதிலிக் கோப்புகள்

கணினி வாங்கும் முன் அறியவேண்டிய வழி ஒன்றுண்டு. கடைகளில் இதனை எடுத்துரைப்போர் அரியர். ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் முதலிய தொகுப்பு மென்பொருள்கள், மூலப் பதிவு ஒவ்வொன்றுக்கும் அளவு குறைந்த பதிலிக் கோப்பு ஒன்றை உருவாக்கித் தரும். வெட்டுவதும் ஒட்டுவதும் பதிலியின் மீது நடைபெறும். இறுதியில் வெளியிடும்போது மென்பொருள் தானே மூலப் பதிவை எடுத்துக்கொள்ளும். படத்தின் தரம் குறைவதில்லை. பதிலிகளை உருவாக்கவும் இறுதிக் கோப்பை வெளியிடவும் பழைய கணினி சில மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். அவ்வேலையை இரவில் விட்டுவிட்டு உறங்கச் செல்லலாம்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே வந்த கணினி, அண்ணனோ அக்காவோ பயன்படுத்தியது, பல வீடுகளில் இன்றும் இருக்கக்கூடும். 4 ஜிகாபைட் நினைவகம் உடையதாயினும், பதிலிக் கோப்புகளைக் கொண்டு பத்து நிமிடக் காட்சியொன்றை அதில் தொகுத்துப் பார்க்கலாம். எங்குத் தடைபடுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். மென்பொருள் அடிக்கடி உறைந்து நின்றால் நினைவகம் போதவில்லை என ஐயுறலாம்; பதிலிகளைக் கொண்டும் படம் விட்டுவிட்டு ஓடினால் செயலகம் வலுவற்றது. நினைவகம் மட்டுமே குறை எனில், அதைச் சேர்ப்பதற்கான செலவு புதிய கணினியின் விலையில் சிறு பகுதியே. புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றாலும், எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாகியிருக்கும்.

மிச்சப்படும் பணத்தில் முதலில் வாங்கத்தக்கது இரண்டாவது புறவன்தட்டு. வன்தட்டுகள் முன்னறிவிப்பின்றிப் பழுதடைவன. பழுதானால் வேறொன்று வாங்கலாம். எழுபது வயதுக் கலைஞர் அவ்விரவு ஆடிய ஆட்டத்தை மீண்டும் ஆடச்சொல்ல இயலாது. கைப்பேசியிலிருந்து பதிவை அழிக்கும் முன், இரு வன்தட்டுகளிலும் அது திறக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்தல் வேண்டும்.