நிலம் பேசும் எண்கள் – 9: முதல் பைட்டும் கடைசி இலக்கமும்

ஏரிக்கரை, வயல் வரப்பு, சாலை வளைவு எல்லாம் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்துக்குள் எண்களாக இருப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த எண்களைப் பழைய 32 பிட் சர்வரிலிருந்து 64 பிட் சர்வருக்கு எப்படிக் கொண்டுபோவது?

32 பிட் புரோகிராம் எட்டக்கூடிய நினைவகம் அதிகபட்சம் 4 ஜிபி. விண்டோஸில் வழக்கமாக அதில் பாதிதான் கிடைக்கும். லட்சக்கணக்கான புள்ளிகள் கொண்ட கடற்கரைக் கோட்டை இன்னொரு வரைபடத்தோடு பொருத்தி வெட்டும்போது, நினைவகம் தீர்ந்து வேலை பாதியில் நின்றுவிடும். 2003-இல் வந்த ஏஎம்டியின் ஆப்டிரான் சிப், பழைய புரோகிராம்களையும் ஓட்டிக்கொண்டே 64 பிட்டுக்கு வழிவிட்டது. ஆனால் போஸ்ட்ஜிஐஎஸ்ஸைத் தாங்கும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், விண்டோஸுக்கான 64 பிட் வடிவில் 2010-இல், 9.0 பதிப்பில்தான் கிடைத்தது.

போஸ்ட்கிரெஸ் மட்டும் இடம் மாறினால் போதாது. கனடாவின் விக்டோரியா நகரத்து ரிஃப்ராக்‌ஷன்ஸ் ரிசர்ச் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட போஸ்ட்ஜிஐஎஸ், பல லைப்ரரிகளின் தோளில் நிற்கிறது. இரண்டு உருவங்கள் தொடுகின்றனவா, வெட்டிக்கொள்கின்றனவா என்று சொல்வது ஜியாஸ். ஆயத்தொலைவுகளை மாற்றித் தருவது புரோஜ். 64 பிட் புரோகிராமுக்குள் 32 பிட் லைப்ரரியை ஏற்ற முடியாது. ஒவ்வொன்றையும் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். அதிலும் ஒரு குழி உண்டு. சி மொழியின் ‘லாங்’ என்ற முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். நினைவக முகவரியை அதில் வைத்திருந்தால் பாதி அறுந்துபோகும். கம்பைல் ஆனபோது ஒழுங்காகத் தெரிந்தது, ஓடும்போது விழும்.

இனி தரவு. பழைய சர்வரின் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்தால் புதிய சர்வர் ஏற்காது. வட்டில் தரவு அடுக்கப்படும் விதமே வேறு. போஸ்ட்கிரெஸின் பிஜி_டம்ப் கருவி கொண்டு வெளியே எடுத்து, புதிய இடத்தில் திரும்ப நிரப்புவதே பத்திரமான வழி. வெளியே வரும் ஒவ்வொரு உருவத்தின் முதல் பைட்டும் தன்னை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது: 1 என்றால் சிறிய பைட் முன்னால், 0 என்றால் பெரிய பைட் முன்னால். எந்த சிப்பில் பிறந்த வரைபடத்தையும் எந்த சிப்பும் படிக்கலாம். முன்யோசனை என்றால் இதுதான்.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. பழைய 32 பிட் புரோகிராம்கள் பெரும்பாலும் 80 பிட் ரெஜிஸ்டர்களில் தசமக் கணக்குப் போட்டன. 64 பிட் புரோகிராம்கள் 64 பிட் துல்லியத்தில் போடுகின்றன. ஒரே வயலின் பரப்பு பதினைந்தாவது, பதினாறாவது இலக்கத்தில் மாறலாம். பரப்புக்கு அது தூசு. ஆனால் எல்லைக்கோட்டின்மேல் இருக்கும் புள்ளிக்கு, ‘தொடுகிறது’ என்ற பதில் ‘தொடவில்லை’ என்று புரண்டுவிடலாம்.

ஆகவே வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று எழுந்துவிடாதீர்கள். பரப்புகளைச் சிறு விலக்கம் அனுமதித்து ஒப்பிடுங்கள். ஒட்டியிருக்கும் வயல்கள் பழையபடியே ஒட்டியிருக்கின்றனவா என்று இரு சர்வர்களிடமும் கேட்டுப் பாருங்கள். சர்வர் மாறியதற்காக யாருடைய வரப்பும் நகரக் கூடாது.

அடுத்த வாரம்: புதிய சர்வரில் இண்டெக்ஸ் எப்படி எழுகிறது?

(தொடரும்)