நிலையறி பரீட்சை

பல்கலைக்கழகம் புகும் மாணாக்கருக்குப் பாடங்கள் தொடங்குமுன் ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை வைக்கும் வழக்கம் உண்டு. இதில் தேறினார், தவறினார் என்ற பேச்சில்லை. வந்தவர் எவ்வளவு ஆங்கிலத்தோடு வந்திருக்கிறார் என்று கண்டு, அதற்கேற்ற வகுப்பில் அவரை இருத்துவதே நோக்கம். ஆதலின் இதனை நிலையறி பரீட்சை என வழங்கலாம். புள்ளி குறைந்தமையால் எவருடைய பட்டமும் போய்விடாது. ஆயினும் முதல் வாரத்தில் சுவரில் ஒட்டப்படும் பெயர்ப்பட்டியல், சுவரினின்று கிழிக்கப்பட்ட பின்னரும் பிள்ளைகளின் மனத்தை விட்டு நீங்குவதில்லை.

இப்பரீட்சைக்கு இலங்கையில் இடமில்லாத காலமும் இருந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் போதனாமொழி ஆங்கிலமே. ஆங்கிலம் அறியாதவர் அதன் வாயிலையே அணுகார். அணுகாதவரை எவ்வகுப்பில் இருத்துவது என்ற வினா எங்ஙனம் எழும்? 1960இல் தாய்மொழி மூலம் கற்றவர்கள் பேராதனையின் கலைப்பீடத்துட் புகுந்தனர். கதவு அகலத் திறந்தது. நன்றே. அன்று தொட்டு ஆங்கிலம், புகுமுன் பெற்றிருக்க வேண்டிய செல்வமாக இருந்த நிலை மாறி, புகுந்தபின் தேடவேண்டிய பொருளாயிற்று. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளிலோ போதனாமொழி இன்றும் ஆங்கிலமே. உயர்தரம் வரை தமிழிற் பௌதிகம் படித்த பிள்ளை, ஒரு விடுமுறைக்குப் பின் அதே பௌதிகத்தை வேறொரு மொழியிற் கேட்கிறது. உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் உண்டெனினும், அதன் புள்ளி பல்கலைக்கழகத் தெரிவிற் சேர்வதில்லை. சேராத பாடத்துக்குப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் கொடுப்பர் என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருகோணமலையினின்று வடக்கே நிலாவெளி, குச்சவெளி கடந்து 40 கிலோமீற்றருக்கு மேற் சென்றால் வருவது திரியாய். வயலும் களப்பும் கடலும் சூழ்ந்த பழம்பதி. அங்குள்ள குன்றிலே, கி.பி. ஏழு எட்டாம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட பாறைச் சாசனம் ஒன்று இருக்கிறது. அதன் மொழி வடமொழி. எழுத்தோ பல்லவர் நாட்டுக் கிரந்தத்தை ஒத்தது. திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகர் கூட்டத்தாரை அது பேசுகிறது. அயன்மொழி இவ்வூருக்குப் புதிதன்று; கடல்வழி வந்து கல்லிலேயே ஏறியிருக்கிறது. ஆனால் 1985இல் வீடுகள் எரிந்து ஊரே இடம்பெயர்ந்தது. ஆண்டுகள் பல கழித்து மீண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர். அவர்கள் வீட்டிலோ வீதியிலோ ஆங்கிலம் ஒலிப்பதில்லை. இரண்டாம் மொழி என்று ஏட்டில் எழுதிக்கொண்டாலும், அங்கே அது அயன்மொழியேயாகும்.

அவ்வூரைப் பிறப்பிடமாகக் கொண்ட மாணாக்கி ஒருத்தி, சிறுவயதில் என்னிடம் தமிழ் கற்றவள், விஞ்ஞானபீடம் ஒன்றுக்குத் தெரிவாகிச் சென்றாள். நிலையறி பரீட்சையிற் கடைசிக் குழுவில் இடம் கிடைத்தது. அவள் ஆங்கில இலக்கணத்தைப் பிழையறக் கற்றவள். வினைச்சொல்லின் முக்கால வேறுபாடுகளை வரிசையாக ஒப்பிப்பாள். அவளுக்கு அரிச்சுவடி வகுப்பா என்று வியந்து கேட்டேன்.

"ஐயா, ஒலிபெருக்கியில் வந்தது ஆங்கிலமென்று தெரிந்தது. ஆனால் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றுதான் தெரியவில்லை" என்றாள்.

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இவ்விடை பெரியதொரு வாயிலைத் திறந்தது. அவள் சொன்ன இடர்ப்பாட்டுக்கு நம் நூல்களில் பெயர் இருக்கிறது: புணர்ச்சி. எழுத்திலே தனித்தனி நிற்கும் ஆங்கிலச் சொற்கள் பேச்சிலே புணர்கின்றன. 'நாட் அட் ஆல்' என்று எழுதுவர். செவியில் விழுவதோ 'நாட்டட்டால்'. மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஏறிவிட்டது. 'டிட் யூ' என்பது 'டிஜ்ஜு' என ஒலிப்பது திரிதல். 'நெக்ஸ்ட் டே' என்பதில் ஓர் ஒற்று வாயிலேயே மறைவது கெடுதல். 'லா அண்ட் ஆர்டர்' என்று சொல்லும் ஆங்கிலேயர் பலரது வாயில், முதலிரு சொற்களுக்கு நடுவே எழுத்தில் இல்லாத ஒரு ரகரம் வந்து நிற்பது தோன்றல். பவணந்தியார் கண்டால் மகிழ்ந்திருப்பார். தமிழிலே நாம் புணர்ந்ததை எழுதியே காட்டுகிறோம். ஆங்கிலேயர் அதனை வாய்க்குள்ளே ஒளித்துவைத்திருக்கின்றனர். இதனை எவரும் சொல்லித் தராத மாணாக்கிக்கு, கண்ணால் அறிந்த மொழி காதிற் பட்டபோது அந்நியமாயிற்று. அவளிடம் இல்லாதது காதுப்பயிற்சி ஒன்றே. பரீட்சையோ வாசிப்பையும் கேட்டலையும் ஒரே எண்ணாகக் கூட்டி, மொழியே இல்லை என்று எழுதிவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்கள் 40 இருப்பின், ஒன்றும் அறியாது கண்ணை மூடிக் கோடிடுபவருக்கும் சராசரியாக 10 சரியாக அமையும். ஆகவே 10, 12, 14 புள்ளி பெற்றவர்களிடையே உள்ள வேற்றுமை பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் வேற்றுமை. எழுத்துக்கூட்டத் தெரியாதவரும், நன்றாக வாசித்தும் விமான நிலைய அறிவிப்பைக் கேட்டு மருண்டவரும் அந்த அடித்தளத்தில் ஒன்றாகக் குவிந்துவிடுகின்றனர். நிலையறி பரீட்சை யாருக்கு மிகவும் பயன்படவேண்டுமோ, அவர்களிடத்திலேயே அதன் அளவுகோலில் கோடுகள் அழிந்து கிடக்கின்றன!

ஐரோப்பியர் இதனைச் சற்றுக் கவனமாகக் கையாண்டிருக்கின்றனர். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்தர வரைவு ஆறு படிகளை வகுத்தது. கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் படியைத் தனித்தனியே சொல்ல அதில் இடமுண்டு. ஒருவர் வாசிப்பில் மூன்றாம் படியிலும் கேட்டலில் முதற்படியிலும் நிற்கலாம். 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர், உரைநடையின் எளிமையை அளக்கச் சீரான இடைவெளியிற் சொற்களை நீக்கி, வாசிப்பவரைக் கொண்டு நிரப்பச் செய்தார். அம்முறை பின்னர் மொழிப் பரீட்சைக்கும் பயன்பட்டது. 1981இல் ஜெர்மனியில் ராட்ஸ், கிளைன்-பிரேலி என்னும் இருவர் அதனை மாற்றி, சொல் முழுவதையும் நீக்காமல், இரண்டாம் வாக்கியத்திலிருந்து ஒன்றுவிட்டொரு சொல்லின் பின்பாதியை மட்டும் நீக்கினர். நாலைந்து சிறு பந்திகள் போதும். விடையை ஊகித்துக் கோடிட முடியாது, எழுதியே ஆகவேண்டும். செல்லரித்த ஏட்டைப் படித்துப் பழகிய நம் பண்டிதருக்கு இது புதிய வித்தையன்று. அத்தகைய பரீட்சை அந்த மாணாக்கியின் இலக்கண அறிவைக் காட்டிக்கொடுத்திருக்கும். அதுவும் காதை அளக்காது. அதற்கு வேறு பரீட்சைதான் வேண்டும்.

நன்னூலின் பொதுப்பாயிரமும் மாணாக்கரை முதல், இடை, கடை என மூன்றாக வகுக்கிறது. அன்னமும் பசுவும் போன்றோர் முதல். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. கடுமையான உவமைகள்தாம். ஆனால் உற்று நோக்குக: அங்கே அளக்கப்படுவது மாணாக்கன் கொண்டுவந்த சரக்கன்று, கொள்ளும் முறை. 1871இல் சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றபோது, பிள்ளையவர்கள் நைடதத்தில் ஒரு செய்யுளைச் சொல்லச் செய்து பொருளும் கேட்டார். அதுவும் நிலையறி பரீட்சையே. எதிரே இருந்தது ஒருவர். ஆயிரக்கணக்கானோர் வரும் இக்காலத்தில் அது இயலாதென்பர். எல்லார்க்கும் இயலாது, கடைசிக் குழுவுக்கு மட்டுமேனும், ஆளுக்கு ஐந்து நிமிடம் எதிரே இருத்திப் பேசிப் பார்ப்பது இயலும் என்பது என் துணிபு.

பல்கலைக்கழகத் தெரிவில் அரசு மாவட்டங்களின் வசதிக்குறைவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாவட்டவாரி ஒதுக்கீடு உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. அந்த நியாயம் வாயிலோடு நின்றுவிடலாகாது. ஆங்கிலத்திற் சலுகைப் புள்ளி கேட்கவில்லை; அது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. பரீட்சையின் அறிவுறுத்தல்களையாவது தமிழிலும் சிங்களத்திலும் தருக. ஒவ்வொரு தவணை முடிவிலும் மீண்டும் அளந்து குழு மாற வழிவிடுக. அம்மாணாக்கி முதலாண்டு முழுவதும் தான் அறிந்த அரிச்சுவடியையே மீண்டும் எழுதினாள். விரிவுரை மண்டபத்திலோ இரசாயனம் அவள் காதருகே புணர்ந்த சொற்களாகப் பாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

இப்பொழுது பெறுபேறு வந்து பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் என்னிடம் வருகின்றனர். ஆங்கிலம் கற்பிக்க நான் தகுதியுடையவனல்லேன். அதற்கு வேறோர் ஆசிரியர் இருக்கிறார். என் பங்கு இவ்வளவே: வானொலியில் ஆங்கிலச் செய்தியைப் பத்து நிமிடம் கேட்கச் செய்து, செவியில் விழுந்ததை விழுந்தபடியே தமிழெழுத்தில் எழுதச் சொல்கிறேன். பின்னர் அந்த நீண்ட சரங்களைக் கரும்பலகையில் இட்டு, செய்யுளைச் சீர்பிரிப்பதுபோல் எல்லோரும் கூடிப் பிரிக்கிறோம். சென்ற சனிக்கிழமை ஒரு சரத்தில் ஏழு சொற்கள் இருந்தன. ஆறு அகப்பட்டன.