மயோர்காவின் கல் மலையில் நடக்கப் போகிறீர்களா?

மயோர்கா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடற்கரைதான். ஸ்பெயினின் பெருநிலத்துக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் இருக்கும் இந்த ஸ்பானியத் தீவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மணலில் துண்டு விரித்துப் படுத்து, உடம்பு சிவந்ததும் ஊர் திரும்புகிறார்கள். ஆனால் தீவின் வடமேற்கு ஓரம் நெடுக, சுமார் 90 கிலோமீட்டர் நீளத்துக்கு, கடலை உரசிக்கொண்டே ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. த்ரமுந்தானா என்று பெயர். இந்தக் கட்டுரை அங்கே நடக்க நினைப்பவருக்கு.

மலை எவ்வளவு உயரம்? பயப்படும் உயரம் இல்லை. எல்லாவற்றிலும் பெரிய சிகரமான புச் மஜோர் 1,400 மீட்டருக்குச் சற்று மேல். அதன் உச்சியில் ராணுவ ரேடார் நிலையம் இருப்பதால் அங்கே விடமாட்டார்கள். அடுத்தது மசனேயா, 1,364 மீட்டர். அதில் ஏறலாம். இந்த உயரத்தில் மூச்சு முட்டாது. அதற்காகச் சின்ன மலைதானே என்று எண்ணிவிடாதீர்கள். சில பாதைகள் ஏறக்குறைய கடல் மட்டத்திலேயே தொடங்குகின்றன. ஏறுவது முழுக்க உங்கள் கணக்கில்தான்.

வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது சுண்ணாம்புக்கல் மலை. குடிக்கத் தண்ணீர் ஏன் கிடைப்பதில்லை, கால் ஏன் வலிக்கிறது, பாதையை விட்டு ஏன் விலகக்கூடாது என்று நீங்கள் கேட்கப்போகும் பாதிக் கேள்விகளுக்கு அந்தக் கல்தான் பதில்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். மலையின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அப்படியானால் ஓடைகள் நிறைந்து ஓட வேண்டாமா? ஓடாது. இந்தப் பாறை கார்ஸ்ட் (மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைத்து, வெடிப்பும் துளையுமாக ஆக்கிவிட்ட சுண்ணாம்புப் பாறை) வகையைச் சேர்ந்தது. பெய்த மழை வெடிப்புகளில் இறங்கி மலையின் வயிற்றுக்குள் போய்விடும். கோடையில் ஓடைப் படுகை என்பது வெறும் உருண்டைக் கற்கள்தான்.

வரைபடத்தில் ஊற்று என்று போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா? நம்பிப் போகாதீர்கள். கோடையில் பல ஊற்றுகள் வற்றிவிடும். வற்றாதவற்றிலும் ஆடுகள் வாய் வைத்திருக்கும். அரை நாள் நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர், முழு நாளுக்கு 3 லிட்டர் கையோடு கொண்டுபோங்கள். வெயில் காலத்தில் அதுவும் போதாது. புச் மஜோரின் அடிவாரத்தில் கூபெர், கோர்க் பிளாவ் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும். அவை தலைநகர் பால்மாவுக்குக் குடிநீர் தருபவை. இறங்கிக் குளிக்கக் கூடாது.

காலுக்கு என்ன போடுவது? இங்குள்ள பழைய பாதைகள் கல் பாவியவை. மலைக்காட்டில் மரம் எரித்துக் கரி எடுத்தவர்கள், சுண்ணாம்புக் காளவாய் போட்டவர்கள், ஆலிவ் பறித்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள் எல்லாரும் தங்கள் பிழைப்புக்காகப் போட்ட வழிகள் இவை. இரு பக்கமும் உலர்கல் சுவர் (சாந்தோ மண்ணோ பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கும் சுவர்) துணைக்கு வரும். மலைச்சரிவையே படிப்படியாகத் தட்டு நிலமாக்கி ஆலிவ் நட்டிருப்பதும் இதே சுவர்களால்தான். இந்த உழைப்புக்காகவே 2011இல் யுனெஸ்கோ இம்மலைத்தொடரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காட்டழகுக்காக அல்ல, மனிதரும் மலையும் சேர்ந்து உருவாக்கிய நிலம் என்பதற்காக.

பார்க்க அழகுதான். உள்ளங்காலுக்கு அப்படி இல்லை. நூற்றாண்டுகளாக மிதிபட்ட கல் வழவழப்பாகிவிட்டது. மழை பெய்தால் எண்ணெய் ஊற்றியது போலாகிவிடும். தடித்த அடியும் நல்ல பிடிப்பும் உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் வேண்டும். புது ஷூவோடு நேரே விமானம் ஏறாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் இங்கே கஷ்டம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைக்கோல் இரண்டு வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

அரைக்கால் சட்டை போதுமா? வேண்டாம் என்பேன். கரிச் என்றொரு உயரமான புல் எங்கும் வளர்ந்திருக்கும். அதன் ஓரம் பிளேடு மாதிரி கெண்டைக்காலைக் கீறும். ஆனால் அந்தப் புல் இந்த மலைக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. சிகரங்களின் அருகே கல் கட்டிய பெரிய குழிகளைப் பார்ப்பீர்கள். அவை பனி வீடுகள். குளிர்காலத்தில் விழும் பனியை வாரி உள்ளே கொட்டி, மிதித்து இறுக்கி, அடுக்குக்கு அடுக்கு கரிச் புல்லைப் பரப்பி மூடி வைப்பார்கள். கோடையில் அதைக் கட்டிகளாக வெட்டி, உருகாமலிருக்க இரவிலேயே கோவேறு கழுதை மேல் ஏற்றிப் பால்மாவுக்கு இறக்குவார்கள். ஐஸ் தொழிற்சாலை வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தொழில் நின்றுபோனது. மசனேயாவுக்கு ஏறும் பாதை இப்படிப் பனி சுமந்தவர்களின் பாதைதான்.

எந்த மாதத்தில் போகலாம்? பிப்ரவரி முதல் மே வரை, பிறகு அக்டோபரும் நவம்பரும். ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். நமக்கு வெயில் பழக்கம்தானே என்று தோன்றலாம். நிழலற்ற வெள்ளைப் பாறையில், மேலிருந்தும் கீழிருந்தும் சூடு அடிக்க, தண்ணீர் கிடைக்காத இடத்தில் நான்கு மணி நேரம் ஏறுவது வேறு வகை வெயில். குளிர்காலத்திலும் போகலாம், ஆனால் டிசம்பரில் மாலை ஐந்தரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். சிகரங்களில் சில நாள் பனி விழும்.

இலையுதிர் காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோடை முழுக்கச் சூடேறிய கடல் மேல் செப்டம்பர், அக்டோபரில் குளிர்காற்று வந்து மோதும்போது கொட்டும் மழை கொஞ்சநஞ்சமல்ல. காலையில் காய்ந்து கிடந்த ஓடை மதியம் ஆளை அடித்துக்கொண்டு போகும். வானிலை அறிவிப்பில் மஞ்சளோ ஆரஞ்சோ எச்சரிக்கை இருந்தால், பள்ளத்தாக்குப் பக்கமே போகாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தொரென்ட் தெ பரேய்ஸ். எஸ்கோர்காவிலிருந்து ச கலோப்ரா கடற்கரைக்கு இறங்கும் மலையிடுக்கு அது. இருபுறமும் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஆசை வரும். அங்கே பாதை என்று ஒன்றும் கிடையாது. வீடு அளவு பாறைகளில் கை ஊன்றி ஏறி, சறுக்கி இறங்கிப் போக வேண்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரமாகும். பாதியில் வெளியேற வழியில்லை, போனில் சிக்னலும் கிடைக்காது. மழைக்குப் பிறகு உயிரையே குடித்த இடம். பாறை ஏறிப் பழக்கமில்லாதவர் தனியாகப் போகவே கூடாது. பார்க்க மட்டும் ஆசை என்றால், ச கலோப்ராவுக்கு வண்டியில் போய்க் கடல் பக்கமிருந்து அதன் வாயில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வரலாம். அந்தச் சாலையே ஒரு வேடிக்கை. 1932இல் அந்தோனியோ பரியெட்டி என்ற பொறியாளர் போட்டது. ஓரிடத்தில் சாலை டை முடிச்சு போலச் சுற்றித் தன் அடியிலேயே தான் நுழைந்து போகும். வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள்.

காட்டுக்குள் போக அனுமதி வாங்க வேண்டுமா? வெளியூர்க்காரர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். மலை அரசாங்கத்துடையது, யாரும் எங்கும் நடக்கலாம் என்று நினைத்துப் போவார்கள். த்ரமுந்தானாவின் பெரும்பகுதி தனியார் நிலம். பரம்பரைத் தோட்டங்கள், மேய்ச்சல் காடுகள். அவற்றின் ஊடே சில பாதைகள் பொதுவழி, சில உரிமையாளரின் தயவு, சில அடைத்தே வைத்தவை. எந்தப் பாதை எந்த வகை என்பதில் நீதிமன்றம் வரை போன வழக்குகளும் உண்டு. சில தோட்டங்களில் வாசலில் ஆள் நின்று சிறு கட்டணம் வாங்குவார். கொடுத்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ‘ப்ரொப்பியெதாத் ப்ரிவாதா’ என்ற பலகை தனிநிலம் என்று சொல்கிறது. பொதுவழி அதனூடே போனால், வழியை விட்டு இறங்காமல் நடக்கலாம். நுழையாதே என்றே எழுதிப் பூட்டியிருந்தால், செல்போன் வரைபடத்தில் பாதை தெரிகிறதே என்று சுவரேறிக் குதிக்காதீர்கள். குறுக்காகப் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான சிறு தகடு வேட்டை நிலத்தைக் குறிப்பது. அது மட்டும் நடைக்குத் தடை அல்ல. திறந்து நுழைந்த மரக்கதவை அப்படியே மறுபடி சாத்துங்கள். ஆடு தப்பித்தால் பாதையை மூடும் கோபம் உரிமையாளருக்கு வரும், அடுத்து வருகிறவருக்கு வழி இருக்காது. உலர்கல் சுவர் மேல் ஏறி நின்று படம் எடுக்கவும் வேண்டாம். ஒரு கல் பெயர்ந்தால் பக்கத்துக் கற்களும் சேர்ந்து சரியும்.

பலநாள் நடக்க ஒரே பாதை உண்டா? உண்டு. ஜி.ஆர். 221 என்ற எண் கொண்ட நெடும்பாதை, தெற்கே அந்த்ராச் பக்கத்திலிருந்து வடக்கே போயென்சா வரை போகிறது. உலர்கல் பாதை என்றே அதை அழைக்கிறார்கள். முழுக்க நடக்க ஏறக்குறைய எட்டு நாள் ஆகும். மரத்தூணில் வழிகாட்டிப் பலகைகள் இருக்கும். நிலத் தகராறு இருக்கும் இடங்களில் பலகை காணாமல் போகும், தார்ச்சாலை ஓரமாகவும் நடக்க நேரும். தொலைவைவிட நேரத்தைப் பாருங்கள். இந்தக் கல்லில் மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தாலே நல்ல வேகம்.

இரவு எங்கே தங்குவது? தீவு நிர்வாகம் நடத்தும் ரெஃபூஜிகள் (நடைபயணிகளுக்கான மலை விடுதிகள்) வழியில் இருக்கின்றன. தெயாவில் கான் போய், யூக் அருகே சோன் அமேர், மலைக்குள் தொஸால்ஸ் வேர்ட்ஸ். பலர் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுக்க வேண்டும். முன்பதிவு இல்லாமல் போய் நின்றால் இடம் கிடைப்பது அரிது. வசந்தத்தில் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. மே 1 முதல் அக்டோபர் 15 வரை காட்டில் நெருப்பு மூட்டவும் தடை. 2013இல் அந்த்ராச் பக்கம் பிடித்த தீ 2,000 ஹெக்டேருக்கு மேல் எரித்துவிட்டது.

யூக் மடாலயத்திலும் அறை எடுத்துத் தங்கலாம். கரிய நிற அன்னை மரியாள் சிலை இருக்கும் தலம் அது, தீவு மக்களின் பெரிய வேண்டுதல் தலம். ஆகஸ்ட் மாத முதல் சனிக்கிழமை இரவு பால்மாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய நடந்து அங்கே போய்ச் சேர்வார்கள். பாதயாத்திரை போய்ப் பழகியவருக்கு விளக்கம் தேவைப்படாது.

எனக்கு ஒரே ஒரு நாள்தான், எங்கே நடப்பது? பழக்கமே இல்லாதவர்கள் கூபெர் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வாருங்கள். ஏறக்குறைய சமதளம், இரண்டு மணி நேரம் போதும். கொஞ்சம் பழகியவர்களுக்கு பினியராஷ் பள்ளத்தாக்கு. சோயெர் ஊரிலிருந்து நடந்தே போய், யாத்திரிகர்கள் நடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகளில் ஏறலாம். என்னைக் கேட்டால் தீவிலேயே அழகான பாதை அதுதான். சோயெருக்குப் பால்மாவிலிருந்து 1912ஆம் ஆண்டு தொடங்கிய மர ரயில் ஓடுகிறது. கட்டணம் அதிகம், ஒரு முறை போகலாம். பேருந்து மலிவு, சீக்கிரமும் போகும். மலைச்சாலைப் பேருந்துகள் பருவத்துக்குப் பருவம் மாறும், எண்ணிக்கையும் குறைவு. திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பு, மிருகம்? மனிதருக்கு ஆபத்தான பாம்போ காட்டு மிருகமோ இங்கே இல்லை. ஆடுகள் நிறைய. உங்கள் சாப்பாட்டுப் பையை மட்டும் கீழே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தலைக்கு மேல் கருங்கழுகு வட்டமிடும், சிறகு விரித்தால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். ஃபெரெரெட் என்ற சிறு தேரையைப் பார்ப்பது கஷ்டம். 1970களில் எலும்புப் படிவத்தை வைத்து, அழிந்துபோன இனம் என்று விவரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே மலையிடுக்குகளில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். முட்டைகளை ஆண் தேரை பின்னங்காலில் சுற்றிச் சுமக்கும். ஒரு பூஞ்சை நோய் அதைப் பிடித்து வாட்டியிருக்கிறது, ஷூவில் ஒட்டிய சேறும் நோயைப் பரப்பக்கூடும். எனவே பாறைக் குட்டைகளில் இறங்காதீர்கள்.

விசா? ஸ்பெயினுக்கு உள்ள ஷெங்கன் விசாவே (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான நுழைவு அனுமதி) மயோர்காவுக்கும் செல்லும். அதற்காக எடுக்கும் காப்பீட்டில் மலை நடையும் மலை மீட்பும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். அடிபட்டால் அழைக்க வேண்டிய எண் 112.

சைவம் சாப்பிடுகிறவருக்கு என்ன கிடைக்கும்? பட்டினி கிடக்க வேண்டாம். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய பா அம்ப் ஓலி எங்கும் உண்டு. மேலே பன்றித் தொடைக் கறி வைத்துத் தருவார்கள், சீஸ் மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் அடுக்கிய தும்பெட் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். சோயெர் ஆரஞ்சைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இனிப்பாகத்தானே இருக்கிறது என்று சுருள் ரொட்டியான என்சைமாதாவை வாங்கிவிடாதீர்கள், அது பன்றிக் கொழுப்பில் செய்வது. கிராமத்து உணவகங்களில் மதியச் சமையல் மூன்றரை, நான்கு மணிக்குள் முடிந்துவிடும், இரவுச் சாப்பாடு எட்டுக்குத்தான். ஐந்து மணிக்குப் பசியோடு இறங்கி வருகிறவர் பையில் ஏதாவது வைத்திருப்பது நல்லது.