வலீயின் வாயும் பெண்ணின் சம்மதமும்

வலீ இல்லாமல் காவின் செல்லுமா என்று கேட்டால் நம்மூரில் பதில் உடனே வரும்: "அது ஹனபிகளுட கத, நாங்க ஷாபி." லாகூர் உயர் நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்த வார்த்தையோடு கதை முடிந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அந்த வழக்கில் வயது வந்த மாணவி ஒருத்தி, வாப்பாவின் விருப்பத்துக்கு மாறாகத் தான் தெரிவு செய்தவரை நிக்காஹ் செய்திருந்தாள். பிறகு வீட்டாருக்குப் பயந்து, சட்டத்தரணி அஸ்மா ஜஹாங்கீர் தொடர்புபட்டிருந்த 'தஸ்தக்' காப்பகத்தில் தஞ்சமடைந்தாள். வலீயின் சம்மதமில்லாத நிக்காஹ் நிக்காஹே அல்ல என்று வாப்பா வழக்காடினார். மூன்று நீதிபதிகளில் இருவர் நிக்காஹ் செல்லும் என்றனர், ஒருவர் மறுத்தார். பருவமடைந்த, புத்தி சுவாதீனமுள்ள பெண்ணின் சுய சம்மதமே போதும் என்பதுதான் பெரும்பான்மையின் முடிவு. அப்படிச் சொன்னவர்களில் ஒருவரே, இரகசியத் திருமணங்களைத் தடுக்கச் சட்டம் தேவை என்றும் எழுதினார்! 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது.

தீர்ப்பு வேறு, பாதுகாப்பு வேறு. 1999இல் விவாகரத்துக் கேட்ட இன்னொரு பெண்ணை, அவளுடைய தாயோடு வந்தவன் அதே அஸ்மா ஜஹாங்கீரின் அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றான்.

சரி, நாங்க ஷாபிதான். ஆனால் ஷாபி மத்ஹபிலும் தகுந்த காரணமின்றி மறுக்கும் வலீயின் அதிகாரம் காழியிடம் போய்விடும். நமது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவு இந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வலீ காரணமில்லாமல் சம்மதம் தர மறுத்தால் பெண் காதியிடம் முறையிடலாம்; காதி விசாரித்து, வலீ இல்லாமலே திருமணத்துக்கு அனுமதி வழங்கலாம். இது எத்தனை பெண் பிள்ளைகளுக்குத் தெரியும்? தெரிந்தாலும் வாப்பாவுக்கு எதிராக முறைப்பாட்டை எழுதிக்கொண்டு போய், ஆணாக மட்டுமே இருக்கக்கூடிய ஒரு காதிக்கு முன்னால் நிற்க வேண்டும்.

எனக்கு அதைவிட உறுத்துவது 25ஆம் பிரிவு. ஷாபிப் பெண்ணின் சம்மதத்தை வலீயே வந்து தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. "புள்ளைக்கிட்ட கேட்டாச்சு" என்று வாப்பா சொன்னால் சரி. கேட்டாரா, அழுதாளா என்று பார்க்க யாரும் இல்லை. தன் விருப்பமின்றி வாப்பா செய்துவைத்த திருமணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் நிக்காஹை நபி (ஸல்) அவர்கள் ரத்துச் செய்ததை புகாரியில் ஓதிக்கொடுக்கிறோம். நமது பதிவேட்டிலோ மணமகளின் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை. அவள் ஒரு கையொப்பம் வைப்பதால் வலீயின் இடம் எங்கும் போய்விடாது. ஷாபியாக இருந்துகொண்டே அதை நாம் கேட்கலாம்.