பழைய டிவியை எடைக்குப் போடாதீங்க... மரியோவுக்கு அதுதான் அழகு!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எம்.ரெட்டியபட்டி மாதிரி கரிசல் காட்டு ஊர்களில் 90-களில் வளர்ந்தவர்களிடம் 'டிவி கேம்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் தானாக மலரும். பெரியவர்கள் செய்தி பார்க்க வந்து உட்காரும் வரைதான் டிவி பிள்ளைகள் கையில். அதற்குள் மரியோ கொடிக்கம்பத்தைத் தொட்டாக வேண்டும்!

அந்தப் பிள்ளைகள் இன்று அப்பா, அம்மா ஆகிவிட்டார்கள். லீவுக்கு ஊருக்கு வரும்போது பரணில் கிடக்கும் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, சுவரில் தொங்கும் 43 இன்ச் டிவியில் மாட்டுகிறார்கள். படம் வருகிறது. ஆனால், கலங்கிய கம்மாய்த் தண்ணிக்குள் பார்ப்பது போல வருகிறது. மரியோ குண்டாகத் தெரிகிறார், பட்டனை அமுக்கினால் ஒரு கணம் யோசித்துவிட்டுக் குதிக்கிறார், குழிக்குள் விழுகிறார். "இதையாப்பா நீங்க விளையாடுனீங்க?" என்று பிள்ளை செல்போனை எடுத்துக்கொண்டு போய்விடும். "பெட்டி கெட்டுப்போச்சு" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

பாவம், பெட்டி மேல் பெரும்பாலும் தப்பே இருக்காது.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெட்டியை வெளியிட்டது. நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று ஆளுக்கொரு பெயர். '99999 கேம்ஸ்' என்று அட்டையில் போட்டிருக்கும் கேசட்டில் அதே பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும் என்பது வேறு கதை!

அந்தப் பெட்டி வரையும் படம் 256 புள்ளி அகலம், 240 வரி உயரம். அவ்வளவுதான். இன்றைய ஃபுல் எச்டி டிவியில் 1920-க்கு 1080 புள்ளிகள். சின்னப் படத்தை இவ்வளவு பெரிதாக இழுத்தால் மங்கத்தானே செய்யும் என்று தோன்றும். அது பாதிக் காரணம்தான். நம் நாட்டுப் பழைய டிவி ஒளிபரப்பு நொடிக்கு 50 அரைப்படங்களாக வரும். ஒரு தடவை ஒற்றைப்படை வரிகள், அடுத்த தடவை இரட்டைப்படை வரிகள். கேம் பெட்டியோ ஒவ்வொரு தடவையும் முழுப் படத்தையே அனுப்பும். பழைய குழாய் டிவி எதையும் யோசிக்காது, வந்ததை வந்த இடத்தில் வரைந்துவிடும். புது டிவி அதை அரைப்படம் என்று நினைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைக்கப் பார்க்கிறது. அங்கேதான் குழப்பம். ஓடும்போது விளிம்புகள் சீப்புப் பல் மாதிரி கிழிவதும், அடிபட்ட ஹீரோ மின்னி மின்னித் தெரியாமல் அடியோடு மறைந்துபோவதும் இதனால்தான்.

இந்தத் தையல் வேலைக்கு நேரமும் பிடிக்கும். சில டிவிகளில் பத்தில் ஒரு நொடி வரைகூட ஆகும். கேட்பதற்குச் சின்னக் கணக்கு. ஆனால் அதற்குள் பெட்டி ஐந்து படம் வரைந்து முடித்திருக்கும். குழியின் விளிம்பில் நிற்கும் மரியோவுக்கு அது ரொம்பவே அதிகம்.

சரி, புது டிவியில் என்னதான் செய்யலாம்? முதலில் வயர். ஆன்டெனா வயர் வழியாக மாட்டாதீர்கள். அதில் படமும் சத்தமும் ஒரே அலையில் கலந்து போய்ப் பிரிவதால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். மஞ்சள் ஏவி வயர்தான் நல்லது. இன்றைய டிவிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இல்லை. பதிலாக ஹெட்போன் துளை மாதிரி ஒன்று, பக்கத்தில் 'ஏவி இன்' என்று எழுதியிருக்கும். அதற்கான இணைப்பு வயர் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. மஞ்சளில் படம் வரவில்லையா, பெட்டியின் மஞ்சளை இணைப்பு வயரின் சிவப்பிலோ வெள்ளையிலோ மாற்றிச் செருகிப் பாருங்கள். பாதிப் பேருடைய பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்தத் துளையும் இல்லையென்றால் ஏவி-யை எச்டிஎம்ஐ-யாக மாற்றும் சின்ன டப்பா வாங்க வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஏவி டு எச்டிஎம்ஐ', 'எச்டிஎம்ஐ டு ஏவி' இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வேலை நேர் எதிர். நமக்கு வேண்டியது முதலாவது.

பிறகு டிவியின் செட்டிங். 'கேம் மோடு' இருந்தால் அதைப் போடுங்கள். தாமதம் பெருமளவு குறையும். படத்தின் வடிவத்தை 4:3 ஆக்குங்கள். இருபுறமும் கறுப்பாக விடுபடும், விடுபடட்டும். மரியோ அப்போதுதான் மெலிவார். 'ஷார்ப்னெஸ்' கூட்டினால் தெளிவாகும் என்று பலரும் அதை உச்சத்தில் வைப்பார்கள். உண்மையில் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல்தான் வரும். அதைக் குறையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரைச்சல் நீக்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

வெளிநாட்டு ரசிகர்கள் இதற்கென்றே ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகளை வாங்குகிறார்கள். இவை அரைப்படக் குழப்பம் இல்லாமல் வரிகளை அப்படியே பெருக்கித் தருபவை. அருமையான கருவிகள்தான். ஆனால் நகல் பெட்டிக்கு அவ்வளவு செலவு செய்வது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இத்தனை பாடும் இல்லாமல் நல்ல படம் காட்டும் கருவி நம்மூர் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச கலர் டிவி வந்தது. 14 இன்ச், குழாய் டிவி. இந்தப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரியான அளவு. வரிகளுக்கு நடுவில் மெல்லிய இருட்டு, புள்ளியோடு புள்ளி லேசாகக் கரைவது - அன்றைய ஓவியர்கள் இதையெல்லாம் மனதில் வைத்தே வரைந்தார்கள். 1991-ல் வந்த 'சோனிக்' விளையாட்டில் அருவியை வெறும் செங்குத்துக் கோடுகளாகத்தான் வரைந்திருப்பார்கள். பழைய டிவியில் அந்தக் கோடுகள் கரைந்து, கண்ணாடி போன்ற தண்ணீராகத் தெரியும். புது டிவியில் துல்லியமாகப் பார்த்தால் ஜன்னல் கம்பி!

வாத்து சுடும் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். துப்பாக்கி முனையில் இருப்பது அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கண். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். தாமதிக்கும் எல்சிடி திரையில் அது வேலை செய்யாது. எத்தனை துப்பாக்கிகள் 'ரிப்பேர்' என்று குப்பைக்குப் போயிருக்குமோ!

ஆனால் அந்த டிவிகள்தான் இப்போது வரிசையாகப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறுகின்றன. சும்மா கிடக்கும் டிவியைக் கொடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் இடம் வேண்டுமே. ஓடுகிற டிவியாக இருந்தால் மட்டும், கொடுப்பதற்கு முன் ஒரு தடவை கேம் பெட்டியை மாட்டிப் பார்த்துவிடுங்கள். படத்தின் மூலையில் ஊதாவோ பச்சையோ திட்டு இருந்தால் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, டிவியை அணைத்து நன்றாக ஆறவிட்டு மறுபடி போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். படக்குழாயில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக் வேலை அது. உடைத்துச் செம்பு எடுப்பதும் வேண்டாம். அந்தக் கண்ணாடியில் காரீயம் உண்டு.

படத்தில் அலை அலையாகக் கோடு ஓடினால் டிவியைச் சந்தேகிப்பதற்கு முன் பெட்டியின் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பெட்டிக்கு அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவிலேயே வாங்க வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. செல்போனில் அதே மரியோவை விளையாடினால், அன்றைக்கு விட வேகமாக ஓடுகிறாரே? வயசாகிவிட்டதோ? இல்லை. ஜப்பானிய விளையாட்டுகள் நொடிக்கு 60 படத்துக்கு எழுதப்பட்டவை. நம் டிவிக்கு ஏற்ற பெட்டிகள் 50 படமே காட்டின. நாம் சின்ன வயதில் விளையாடியதே மெதுவான மரியோதான்!

கடைசியாக, கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதும் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். எச்சில் ஈரம் பட்டுத்தான் செம்புத் தகடு கறுக்கும். கரிசல் மண் தூசியும் அதோடு சேர்ந்துகொள்ளும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, தகட்டைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.