கருவிழியில் ஒன்றுகளை எண்ணுதல்

பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடியில் ஒருவர் ஆதாருக்கு முதன்முறையாகப் பதிவு செய்யும்போது, அவரே வேறு பெயரில் முன்பு பதிந்திருக்கிறாரா என்பதை அறிய, அவருடைய கைரேகையும் கருவிழியும் ஏற்கெனவே சேமிக்கப்பட்டுள்ள நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளோடு ஒத்துப்பார்க்கப்பட வேண்டியிருக்கிறது. கருவிழி ஒப்பீட்டுக்கு அடித்தளமிட்டவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். அவர் வகுத்த முறையில் கருவிழியின் வரியமைப்பு 2048 பிட்களாக, அதாவது 0 அல்லது 1 மட்டுமே கொண்ட இலக்கங்களாக மாறுகிறது. இரு கண்களின் பிட்களையும் வரிசையாகப் பொருத்தி, வேறுபடும் இடத்தில் 1 எனவும் ஒத்த இடத்தில் 0 எனவும் குறித்துவிட்டால், எஞ்சுவது அந்த 1களை எண்ணும் வேலைதான். ஒரே கண்ணாயின் அவை குறைவாகவும், வெவ்வேறு கண்களாயின் ஏறத்தாழப் பாதியாகவும் இருக்கும்.

இக்காலச் செயலி ஒரே வீச்சில் கையாளும் 64 பிட் தொகுதிகளாகப் பிரித்தால் 2048 பிட்களும் 32 தொகுதிகளில் அடங்கும். ஆனால் ஒவ்வொரு பிட்டாகப் பார்த்துச் சென்றால், நூறு கோடிப் பதிவுகளுக்கு 2 லட்சம் கோடிப் படிகளைத் தாண்டும், அதுவும் ஒரு கண்ணுக்கு மட்டும். தலை சற்றுச் சாய்ந்திருக்கக்கூடும் என்பதால் பிட்களை நகர்த்தி நகர்த்தி மீண்டும் ஒப்பிடுவது தனிக்கணக்கு.

1960இல் பீட்டர் வெக்னர் வெளியிட்ட வழி அழகானது. ஓர் எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, இரண்டிலும் 1 உள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொண்டால், வலக்கோடியில் உள்ள 1 மறைந்துவிடும்: 10110100 என்பதில் 1 போக 10110011, இரண்டுக்கும் பொதுவானது 10110000. எண் பூச்சியமாகும்வரை இதைத் திரும்பச் செய்தால், எத்தனை 1களோ அத்தனை சுற்றுகளே ஆகும். எனினும் 1கள் அரிதாக இருக்கும்போதுதான் இதன் முழுப்பயன் கிட்டும். வெவ்வேறு கண்களை ஒப்பிடுகையில் 64இல் ஏறத்தாழ 32 இடங்கள் 1ஆகவே இருக்கும் என்பதால் சுற்றுகள் பாதியாகக் குறைவதோடு ஆதாயம் நின்றுவிடுகிறது.

இங்கே கைகொடுப்பது இணை இணையாகக் கூட்டும் முறை. அதே 10110100இல் அடுத்தடுத்த பிட்களைக் கூட்டினால் 1, 2, 1, 0, அவற்றையும் இணைகளாகக் கூட்டினால் 3, 1, முடிவில் 4. எல்லா இணைகளும் ஒருசேரக் கூட்டப்படுவதால், 64 பிட்களுக்கு 1கள் எத்தனை இருந்தாலும் ஆறே கட்டங்கள் போதும்.

2008 வாக்கில் சாதாரணக் கணினிச் செயலிகளிலும் இந்த எண்ணிக்கைக்கென்றே தனிக் கட்டளை இடம்பெறத் தொடங்கியது. இன்று நிரலர் வெக்னரின் சுற்றை எழுதினாலும், கிளாங் போன்ற தொகுப்பி, அதாவது நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் மென்பொருள், அதை இன்னதென்று கண்டுகொண்டு, செயலியில் வசதி இருக்குமாயின், சுற்றை நீக்கிவிட்டு அந்த ஒற்றைக் கட்டளையை வைத்துவிடுகிறது.