பொங்கலுக்கு ஊருக்குப் போனோம்!

பட்டணத்தில் வசிக்கும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு வருஷத்தில் இரண்டு முறை ஒரு வியாதி காண்கிறது. தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை. மார்கழி பிறந்ததுமே காவேரிக் கரையும் வாசல் கோலமும் வெண்கலப் பானையும் கண் முன்னால் வந்து நிற்க ஆரம்பிக்கின்றன. வேலையில் மனம் செல்வதில்லை. இந்த வியாதிக்கு மருந்து ஒன்றுதான், அது டிக்கட்.

2025-ம் வருஷத்துப் பொங்கலுக்கு அந்த மருந்து நமக்கு எளிதில் அகப்படவில்லை. அப்போது ரயிலில் இடம் வேண்டுமானால் 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். (2024 நவம்பர் முதல் தேதியிலிருந்துதான் அதை 60 நாளாகக் குறைத்தார்கள்.) அதாவது, புரட்டாசிகூடப் பிறப்பதற்கு முன் தைப் பொங்கலைப் பற்றி நினைத்திருக்க வேண்டும். அப்படி நினைக்கக் கூடியவர்களை நாம் ஞானிகள் என்று வணங்குகிறோம். நாம் ஞானி அல்ல. நமக்கு ஞாபகம் வந்தபோது ரயிலில் காத்திருப்போர் ஜாபிதாவில்கூட இடம் இல்லை.

தனியார் ஆம்னி பஸ்களில் இடம் இருந்தது. விலைதான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இந்த வண்டிகள் ஒப்பந்த வண்டி என்ற பெயரில் பெர்மிட் வாங்கி ஓடுகிறவை. ஊருக்கு ஊர் நின்று ஜனங்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்குச் சர்க்கார் கட்டணம் நிர்ணயிப்பதுபோல் இவற்றுக்கு நிர்ணயிப்பதில்லை. ஆகவே சாதாரண நாளில் ஒரு விலை, பண்டிகை நாளில் இரண்டு மூன்று மடங்கு விலை. தாயாரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைத் தராசில் நிறுத்து விலை போடும் வித்தையை அவர்களிடந்தான் கற்க வேண்டும்.

கடைசியில் ஒரு நண்பர் புண்ணியத்தில் போகிப் பண்டிகை இரவு 9 மணி வண்டியில், கும்பகோணத்துக்கு ஒரு டிக்கட் கிடைத்தது. அது யாருடைய வண்டி என்று நேயர்கள் கேட்கக் கூடாது. நாமும் சொல்லப் போவதில்லை.

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைப் பற்றி நம்மிடம் புகார் ஒன்றும் இல்லை. 2023 டிசம்பர் 30-ந் தேதி திறந்தது. 88 ஏக்கர் விஸ்தீரணம். முன்பு பாரிமுனையில் ஏறிய நாட்களையும், 2002 முதல் கோயம்பேட்டில் ஏறிய நாட்களையும் நினைத்தால் இது அரண்மனைதான். ஆனால் அரண்மனையாய் இருந்தால் என்ன? ராஜா வரவில்லையே! ஒன்பது மணி வண்டி பத்தே முக்காலுக்கு வந்தது. வந்ததும் கீழே நின்ற கூட்டம் கதவைப் பார்த்துப் பாய்ந்ததைக் கண்டால், உள்ளே போனவர்களுக்கு அங்கேயே பொங்கல் வைத்துக் கொடுக்கிறார்களோ என்று தோன்றும். எல்லாரிடமும் நம்பர் போட்ட டிக்கட் இருந்தது என்பதுதான் இதில் விசேஷம்.

நமது ஸீட் டிரைவருக்கு நேர் பின்னால். சாய்ந்து கொள்வதற்காக ஒரு கைப்பிடி இருந்தது. அதை இழுத்தால் ஸீட் சாயவில்லை. கைப்பிடி கையோடு வந்து விட்டது. முழங்கால் முன்னால் இருந்த தட்டியில் இடித்தது. ஜன்னல் கண்ணாடி முக்கால் பாகம் மூடிக்கொண்டு மீதிக் கால் பாகத்தைத் தை மாதப் பனிக்குத் தானம் செய்திருந்தது. தலைக்கு மேலே ஒலிபெருக்கி.

பக்கத்து ஸீட்டில் ஒரு பாட்டி. அவள் மடியில் ஐந்து வயதுப் பேத்தி. நடைக்கு அப்பால் அந்தக் குழந்தையின் தாயார். பெரியபாளையம் பக்கம் வேலை, ஊர் சுவாமிமலை. பேத்திக்கு விக்கல் எடுத்தது. நாம் நம்முடைய தண்ணீர்ப் போத்தலை நீட்டினோம். குழந்தை இரண்டு மடக்குக் குடித்தது. “நீங்களும் குடியுங்கள், அம்மா” என்றோம்.

“வேண்டாம் தம்பி. மத்தியானத்திலேருந்தே குடிக்கலே. ஊருக்குப் போய்த்தான்.”

விரதம் என்று நினைத்துக் கொண்டோம். விரதம் அல்ல என்பது பின்னால் தெரிந்தது.

டிரைவருக்கு இடது பக்கத்தில், என்ஜின் மேல் உள்ள பானெட்டில், ஒரு கிழவனார் உட்கார்ந்திருந்தார். டிக்கட் இல்லாமல் வந்து, கண்டக்டரிடம் மன்றாடி ஏறியவர். துண்டை நாலாய் மடித்துச் சூட்டுக்கு அணையாய்ப் போட்டுக்கொண்டு, வண்டி கிளம்பிய நிமிஷத்திலிருந்து பேச ஆரம்பித்தார். சம்பா அறுவடை, மழை, உரத்தின் விலை, மாப்பிள்ளையின் குணாதிசயங்கள் ஒன்றும் பாக்கியில்லை. பேச்சுக்கு நடுவே டிரைவரை ஏதாவது கேள்வி கேட்பார். அதுவும் உரத்த குரலில். நமக்குக் கண் செருகும் சமயம் பார்த்து, “ஏன் தம்பி, உங்க ஊர்லே ஆத்துலே தண்ணி வந்துச்சா?” என்று ஒரு முழக்கம். இந்த மனுஷருக்கு நித்திரை என்ற ஒன்றைக் கடவுள் படைக்கவே இல்லையா என்று மனத்துக்குள் வைதோம். அந்தப் பாவத்தை இப்போது ஒப்புக் கொள்கிறோம்.

பரனூர் சுங்கச் சாவடியைத் தாண்டும்போது மணி பன்னிரண்டரை. அதுவரை வண்டி ஓடியது என்று சொல்வது அதிகம், நகர்ந்தது. முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். ஏதோ கோயிலில் லட்ச தீபம் ஏற்றியதுபோல் அழகாகத்தான் இருந்தது. பக்தி மட்டும் உண்டாகவில்லை.

மதுராந்தகத்துக்கு அப்பால் இரண்டே கால் மணிக்கு ஒரு சாலையோரச் சிற்றுண்டிசாலையின் முன் வண்டி நின்றது. “பதினைந்து நிமிஷம்!” என்றார் கண்டக்டர். டிரைவரும் கண்டக்டரும் தனி அறைக்குப் போனார்கள். அவர்களுக்குச் சாப்பாடு இலவசம். அதன் விலை நம்முடைய தோசையில் சேர்ந்திருந்தது என்பதை முதல் வாயிலேயே தெரிந்து கொண்டோம். அதையெல்லாம் மன்னித்து விடலாம். மன்னிக்க முடியாதது ஒன்று கொல்லைப் பக்கம் இருந்தது.

ஸ்திரீகளுக்கென்று எழுதியிருந்த கழிப்பறைக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கினார்கள். உள்ளே விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, மூன்று கதவுகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஏழெட்டு பஸ்களிலிருந்து இறங்கிய பெண்கள் வரிசையில் நின்றார்கள். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு நாலைந்து பெண்கள் சேர்ந்து, ஒருத்தி புடவைத் தலைப்பை விரித்துப் பிடிக்க, மற்றவர்கள் சுற்றி நிற்க, இருட்டைத் தேடிப் போனார்கள். நாம் முகத்தைத் திருப்பிக் கொண்டு டீயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாட்டி மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காததன் காரணம் அப்போதுதான் மூளைக்கு எட்டிற்று. எத்தனை வருஷமாய் இந்த ரஸ்தாவில் போகிறோம்! நம் வீட்டுப் பெண்களும் இப்படித்தான் தொண்டை வறண்டு வந்திருக்க வேண்டும். நாம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

1917-ம் வருஷம் காந்தி மகான் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார். 22 பேருக்கு என்று எழுதியிருந்த பெட்டியில் வழி நெடுக மேலும் மேலும் ஆட்களைத் திணித்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. அந்த செப்டம்பர் மாதம் ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நெருக்கடியைப் பற்றி மட்டுமல்ல, கழிப்பறைகளின் அசுத்தத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் எழுதினார். வைஸ்ராய் முதலான பெரிய மனிதர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் யோசனை சொன்னார். அந்த நாளில் நமக்கு ஒரு சௌகரியம் இருந்தது: ரயில் வெள்ளைக்காரனுடையது, வாய் வலிக்கும் வரையில் அவனைத் திட்டலாம். இப்போது ரஸ்தாவும் நம்முடையது, வண்டியும் நம்முடையது, சிற்றுண்டிசாலையும் நம்மவருடையது. யாரைத் திட்டுவது?

விக்கிரவாண்டியில் பெரிய ரஸ்தாவை விட்டுத் திரும்பினோம். அங்கிருந்து தஞ்சாவூர் வரை 165 கிலோ மீட்டர் ரஸ்தாவை மூன்று பகுதிகளாகப் பிரித்து நான்கு வழிச் சாலையாக்கும் வேலை 2018-ல் ஆரம்பித்தது. நாம் போன பொங்கலின்போதும் பண்ருட்டிப் பக்கம் அது முடிந்தபாடில்லை. பாதி மேம்பாலம் ஆகாயத்தில் நின்றது. கீழே மண் ரஸ்தா. இடத்துக்கு இடம், ‘மாற்றுப் பாதை’ என்ற பலகை. பலகைக்கு அப்பால் பள்ளம். இந்தக் குலுக்கலில், நம் தாத்தா சொல்லும் யுத்தகாலக் கதைகள் ஞாபகம் வந்தன. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, பஸ்ஸின் பின்னால் ஒரு கொப்பரையைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்கள். மதுரையில் டி. வி. எஸ். கம்பெனியார் அந்தக் கருவிகளைச் செய்தார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்களாம். தாத்தா அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. தள்ளின பெருமையைத்தான் சொல்வார்.

பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலிக்குப் போகும் வழியில் அது நடந்தது. மணி ஐந்து இருக்கும். மூடுபனி. பாதிப் பேருக்கு மேல் தூக்கம். கிழவனார்கூடச் சற்று ஓய்ந்திருந்தார். வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக, இடது பக்கம் ஒதுங்கிற்று. எதிரே வெளிச்சத்தில் சிமெண்டுக் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ‘இவர் ஏன் அந்தப் பக்கம் போகிறார்?’ என்று நமது மந்த புத்தி யோசித்துக் கொண்டிருக்கும்போதே, கிழவனார் டிரைவரின் தோளில் ஓங்கித் தட்டி, “தம்பி! பொண்ணு எந்தக் கிளாசு படிக்குதுன்னு சொன்னீங்க?” என்று அலறினார்.

டிரைவர் திடுக்கிட்டுச் சக்கரத்தை வலப் பக்கம் திருப்பினார். கட்டைகள் ஒரு முழ தூரத்தில் ஜன்னலோரம் போயின. “நாலாங் கிளாசு, பெரியவரே” என்றார் டிரைவர். குரல் நடுங்கிற்று.

“நிறுத்துங்க. மூஞ்சியைக் கழுவிக்குங்க.”

ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. டிரைவர் இரண்டு செம்புத் தண்ணீரைத் தலையில் கொட்டிக் கொண்டார். பக்கத்தில் போய் விசாரித்தோம். மன்னார்குடிப் பக்கத்து மனிதர். அது தொடர்ந்து மூன்றாவது இரவாம். பகலில் தூங்கவில்லையா என்றால், பகலிலும் வண்டி திரும்பி வர வேண்டுமே என்றார். அப்போது அமுலில் இருந்த 1961-ம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டப்படி நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரந்தான் வேலை. தூர வழிகளிலும் பண்டிகைக் காலங்களிலும் அனுமதி பெற்று மேலும் வாங்கலாம் என்று இருந்தது; அப்படி வாங்கினாலும் நாளுக்குப் 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் கூடாது என்று இருந்தது. சட்டம் எழுதியவர்கள் பண்டிகையை மறக்கவில்லை, ஓட்டுகிறவனையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் மறந்து விட்டார்கள். அவசரப்படுத்திக் கதவை இடித்து ஏறிய நம்மைப் போன்ற பிரயாணிகளையும் அந்த ஜாபிதாவில் சேர்த்துக் கொள்ளலாம்.

கிழவனார் டீயை ஆற்றிக் கொண்டிருந்தார். “செங்கல்பட்டுலேயே கண்ணைப் பாத்தேன், தம்பி. சரியில்லே. அதான் பேசிக்கிட்டே வந்தேன். எனக்கு என்ன, தூக்கமா வராது?” என்றார். நாம் தலை நிமிரவில்லை.

சேத்தியாத்தோப்பில் பொழுது விடிந்தது. பனிக்குள்ளிருந்து சூரியன் செக்கச் செவேல் என்று வந்தான். ரஸ்தா ஓரத்து வாசல்களில் எல்லாம் புகை, புதுப் பானை, மஞ்சள் கொத்து. ஒரு வீட்டில் குழந்தைகள் “பொங்கலோ பொங்கல்!” என்று கூவியது பஸ்ஸுக்குள் கேட்டது. பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. எல்லாருடைய வீட்டிலும் அந்நேரம் பானை பொங்கிக் கொண்டிருக்கும். பாட்டி கையெடுத்துச் சூரியனைக் கும்பிட்டாள். பேத்தி நம் தோளில் தூங்கிக் கொண்டிருந்தது.

கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் துரை கட்டிய கீழணை இருக்கும் அணைக்கரையில் கிழவனார் இறங்கினார். இறங்குமுன் துண்டை உதறி மீண்டும் பானெட்டின் மேல் போட்டு, நம்மைப் பார்த்தார். “இங்கே வந்து உக்காருங்க, தம்பி. இன்னும் கொஞ்ச தூரந்தான். துண்டு இருக்கட்டும், சூடு தாங்காது” என்றார்.

உட்கார்ந்தோம். என்ன பேசுவது? வருஷக்கணக்கில் எழுதிப் பிழைக்கிற நமக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. கடைசியில், “நாலாங் கிளாசில் என்னென்ன பாடம்?” என்று கேட்டோம். டிரைவர் சிரித்துவிட்டார். பெண் கணக்கில் கெட்டி, தமிழில் கொஞ்சம் மட்டம், கோலத்தில் மகா கெட்டி. அன்று விடியற்காலம் போட்ட கோலத்தைப் படம் பிடித்து டெலிபோனில் அனுப்பியிருக்கிறதாம். வண்டி நின்ற பிறகுதான் பார்க்க வேண்டும் என்றார். கும்பகோணம் வருகிற வரையில் அந்தக் குழந்தையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது மணி எட்டே முக்கால். பாட்டி இறங்கி, அங்கிருந்த பெண்கள் அறைக்குப் போய்விட்டு வந்து, நம்முடைய போத்தலை வாங்கி ஒரே மூச்சில் காலி செய்தாள். பிறகு பையைத் துழாவி ஒரு பொட்டலம் பொரிவிளங்காய் உருண்டையை எடுத்து டிரைவரிடம் நீட்டினாள்.

“குழந்தைக்குக் கொடுப்பா.”

“நான் ஊருக்குப் போக வெள்ளிக்கிழமை ஆயிடும், பாட்டி. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப வண்டி எடுக்கணும்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடாது” என்றாள் பாட்டி.

டிரைவர் அதை வாங்கி ஸீட்டுக்கு மேலிருந்த சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். அப்புறம் டெலிபோனை எடுத்து அந்தக் கோலத்தை நமக்குக் காட்டினார். மயில் கோலம். தோகையில் புள்ளி ஒன்றுகூடத் தப்பவில்லை.